விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

இப்போதெல்லாம் ஜனங்கள் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. மூக்கு உரசும் தூரத்தில் போய் ஒரு படம் பிடித்துக்கொண்டு, இது என்ன சொல்லுங்கள் பார்ப்போம் என்று நம்மையே கேட்கிறார்கள். நான் கொத்து வேலை பார்த்தவன். எனக்கு இதெல்லாம் வேண்டாத வேலை.

என் மாப்பிள்ளைக்கும் அந்த வியாதிதான். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தையே துண்டு துண்டாகப் படமெடுத்துக் கீழ்த்தளத்து ஹாலில் மாட்டியிருந்தார். நான் இருப்பது கீழ் வீட்டில். மகளும் அவரும் ஐந்தாம் மாடியில். போகாவிட்டால் மகள் முகம் தொங்கிவிடும் என்று, வலிக்கிற முட்டியோடு சுற்றி வந்தேன். தாழ்ப்பாள் மலை மாதிரி இருந்தது. மிதியடி காடு மாதிரி இருந்தது. ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம்.

"ஆத்து மேல பாலம் மாதிரி இல்லப்பா?" என்றாள் மகள்.

"பாலம் நடுவுல ஒடஞ்சிருக்கு பாரும்மா, அதான் அழகே," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கிட்டே போனேன். ஆறுமில்லை, பாலமுமில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சுவரின் விரிசல் அது. குறுக்கே இருந்தது, மூன்று மாதம் முன்பு நான் சிமென்ட் வைத்து ஒட்டிய கண்ணாடித் துண்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் வேலையில் அதுதான் சாட்சி. ஒட்டியபோது முழுசாக இருந்தது. அப்புறம் முட்டி என்னை மாடி ஏற விடவில்லை. தொட்டிக்கு நேர் கீழே மகள் படுக்கும் அறை.

"மாப்ள, இத எப்ப எடுத்தீங்க?"

"போன வாரம் மாமா. பிடிச்சிருக்கா?"

"அப்பவே ஒடஞ்சிருந்துச்சா?"

"ஆமா மாமா. அந்த ஒடசலுக்காகத்தானே அரை மணி நேரம் வெயில்ல குப்புறக் கெடந்தேன்!"

செயலாளர் பக்கம் திரும்பினேன். "தொட்டியக் காலி பண்ணச் சொல்லுங்க. இப்பவே."

"பெரியவரே, படத்தப் பாத்துட்டுத் தொட்டியக் காலி பண்ணச் சொல்ற மொத ஆளு நீங்கதான். விருந்தாளிங்க போகட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விரிசலைப் பற்றி இதே மனிதரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை. படியேற ஆரம்பித்தேன். லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் மூச்சிரைக்க வந்தாள். "என்னப்பா இது பிடிவாதம்?"

"ஒன் தலைக்கு மேல சுவர் நகருதும்மா."

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் செயலாளரும் வந்துவிட்டார்கள்.

மேலே போய் விரிசலில் விரலை வைத்தேன். அன்றைக்கு நகம்தான் நுழைந்தது. இன்றைக்கு விரல் நுழைந்தது. பார்த்துக்கொண்டிருந்த செயலாளர், யாரும் சொல்லாமலே வெளியேற்றுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் மாடியெல்லாம் ஓடியது.

"இன்னிக்கே நான் கீழ வந்துடறேம்பா," என்றாள் மகள்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "என் போட்டோ இல்லன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா."

"அரை மணி நேரம் அது முன்னால கெடந்தீங்க மாப்ள. ஏன் ஒடஞ்சுதுன்னு ஒரு நிமிஷம் தோணலியே."

"இப்ப இன்னொண்ணு கிட்டக்கப் போய் எடுத்தா, இஞ்சினியருக்குக் காட்டலாம்."

"அந்தாளையே கூட்டிட்டு வாங்க."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.