முன்பாரம் நாற்பது கிலோ

1

இந்தக் கதை ஒரு கணக்குக்கு உதாரணமாகப் பிறந்தது. வண்டிகளைப் பற்றி வரும் மாத இதழ் ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது: கேரவனின் எடைக்கும் அதை இழுக்கும் ஆஃப்ரோடு வண்டிக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி? எனக்கு இந்த மாதிரித் தலைப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். உட்கார்ந்து எழுதினேன்: "உதாரணமாக, தேனியில் ஈஸ்வரபாண்டி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்."

வைத்துக்கொண்டதுதான் தப்பு. உதாரணத்துக்கு வந்தவர் இரண்டாம் பத்தியோடு கிளம்பியிருக்க வேண்டும். இவரோ மனைவி, மகள், மலைமேல் இருக்கும் தங்கச்சி என்று குடும்பத்தோடு வந்து குடியேறிவிட்டார். கட்டுரை கெட்டது. இதழுக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்தார். (அதில் முன்பாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையிலும்தான்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மலைத்தொடரின் மடியில் மஞ்சு தவழும் காலைப்பொழுதில் ஒரு கறுப்பு வண்டி

வேண்டாம். மஞ்சுக்கு எடை கிடையாது.

ஈஸ்வரபாண்டி தன் தங்கை பவுனின்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான்

பொய். உயிரை வைத்திருந்தது பிளக்ஸ் பேனர்மேல். அதற்கு வருகிறேன்.

ஆயிரத்து அறுநூறு.

இது சரி. இதுவே தொடக்கமாக இருக்கட்டும். ஈஸ்வரபாண்டியின் வண்டியோடு வந்த புத்தகத்தில், அந்த வண்டி பிரேக் உள்ள டிரெய்லரை எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கும் எண். அவருடைய கேரவன் காலியாகவே ஆயிரத்து நூற்றெண்பது கிலோ. மீதி நானூற்று இருபது. உள்ளே எதை வைத்தாலும் அதற்குள் வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான்.

"நம்ம வண்டி இன்னும் ஆயிரம் கிலோ இழுக்கும்" என்பார் ஈஸ்வரபாண்டி. இழுக்கும், இழுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும், பிரேக்கும் சட்டமும் கொக்கியும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த எண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் போட்ட எண்.

(அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்று டயர், முன்னால் கம்பி வடம் சுற்றிய உருளை, ஆற்றில் இறங்கினாலும் மூச்சுவிடக் கூரைவரை ஒரு குழாய். இதுவரை அது இறங்கிய ஆழமான தண்ணீர், சர்வீஸ் ஸ்டேஷனில் அடித்த சோப்பு நுரை.)

3

பவுனு மேகமலையில், எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறாள். அவள் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் போக வேண்டும். மற்றவர்கள் மினி லாரியில் கொண்டுபோவார்கள். ஈஸ்வரபாண்டி டிரெய்லர் கட்டும் பட்டறையில் சொல்லி ஒரு கேரவனே கட்டிவிட்டார். பிளக்ஸும் அடித்தாயிற்று: 'மாவட்டத்திலேயே முதன்முறையாக, கேரவனில் தாய்மாமன் சீர்!' நடுவில் அவர் படம். பக்கத்தில் வண்டியின் படம். கீழ் மூலையில் தபால்தலை அளவில், சடங்கான பெண்.

கேரவனின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. சீர் என்பது பார்ப்பதற்குத்தானே? ஆகவே பீரோ, தேக்குக் கட்டில், வாஷிங் மெஷின், அண்டாக்கள் எல்லாம் கதவை ஒட்டிப் பின்னால். முன்னால் காற்று.

இங்கே கொஞ்சம் பொறுங்கள், எனக்குப் பிடித்த இடம் இது. கேரவன் தன் எடையில் பத்தில் ஒரு பங்கையாவது இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் அழுத்த வேண்டும். அதுதான் முன்பாரம். பாரம் பின்னால் போனால் கேரவனின் வால் கனத்து, மூக்கு லேசாகிவிடும். அப்புறம் அது வண்டியின் பின்னால் வராது. வண்டியைப் பிடித்து ஆட்டும். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாயும். கொக்கி மேலே தூக்கும். வண்டியின் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் தவிக்கும். மேகமலை ஏறப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள்.

4

சின்னமனூரைத் தாண்டி, மலைக்குப் பிரியும் சாலையில் ஓர் எடைமேடை. (கற்பனை எடைமேடை. தேடிப் போகாதீர்கள்.) அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்பவள் இவாஞ்சலின், ராயப்பன்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள்.

"கூட்டவாண்ணே, குறைக்கவா?" என்றாள்.

எடை தெரிந்துகொள்ள யாரும் அங்கே வருவதில்லை. வாழைத்தார் விற்பவருக்குக் கூட வேண்டும். வாங்குபவருக்குக் குறைய வேண்டும். ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் போட்டுக் கொடுக்கிறாள். ஒருமுறை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது சாமியார், "மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்டார். அவளுக்குக் கூட்டத் தெரியவில்லை. அவரும் குத்துமதிப்பாகவே பரிகாரம் சொன்னார்.

"குறைச்சு. ஆயிரத்து ஐநூறுன்னு போட்டுக் குடு ஆத்தா" என்றார் ஈஸ்வரபாண்டி.

"யாருக்குக் காட்ட?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்டாட்டிக்கு."

வண்டியின் முன்சீட்டில் முனீஸ்வரி, மடியில் ஆறு வயது மகாலட்சுமி. வீரபாண்டி ஊரைத் தாண்டியதிலிருந்து கேரவன் வாலை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறது. எடைச்சீட்டைப் பார்த்தால்தான் மலை ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள்.

"மொதல்ல நெசத்தப் பாப்போம். கேரவன மேடையில விட்டுட்டுக் கழட்டுங்க."

தனியே நிறுத்தியபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. கொக்கியில் மாட்டி, வண்டி மேடைக்கு வெளியே நிற்கக் கேரவன் சக்கரம் மட்டும் மேடைமேல் இருந்தபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. வித்தியாசம் கொக்கிமேல் போனது. (எவ்வளவு அழகான முறை! இந்த வரிக்காகவே கட்டுரை எழுத நினைத்தேன்.)

"முன்பாரம் வெறும் நாப்பதுண்ணே. பின்பாரம் ஏத்துனா டிராக்டரையே தூக்கிரும், தெனம் பாக்குறேன். பீரோவ முன்னால தள்ளுங்க."

"முன்னால வச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"ரோட்டுல விழுந்து கெடந்தா எல்லாரு கண்ணுக்கும் தெரியும். மொத்தத்துலயும் முந்நூத்தி எண்பது கூட இருக்கு. ஒரு குட்டியானை வண்டியப் பிடிச்சு அத ஏத்திருங்க."

"ஏ ஆத்தா, குட்டியானையில சீரு போனா அந்தப் பிளக்ஸ நான் எங்கன கொண்டுபோயி ஒளிக்க?"

"பீரோவுக்குள்ள."

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஈஸ்வரபாண்டிக்கு முகம் சிவந்தது. "சொன்னதப் போடு."

[இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். ஆறு வருடம் பொய்ச்சீட்டு போட்டவள் இன்றைக்கு மட்டும் ஏன் மாற வேண்டும்? மடியில் குழந்தையைக் கண்டு மனம் இளகினாள் என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தேன். பிறகு தோன்றியது: ஆறு வருடத்தில் அந்த மேடைக்கு எடை என்னவென்று தெரிந்துகொள்ள வந்த முதல் ஆள் முனீஸ்வரி.]

இவாஞ்சலின் உண்மையான எண்ணையே அச்சடித்தாள். சீட்டை அவரிடம் தராமல் சுற்றிப்போய் முனீஸ்வரியின் ஜன்னலில் நீட்டினாள்.

முனீஸ்வரி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது அவுக சொன்ன கணக்கா, நீ சொன்ன கணக்கா?"

"மெஷின் சொன்னதுதான்க்கா."

"ஒங்க மெஷினு யாரு சொன்னாலும் கேக்கும்னு ஊரே சொல்லிச் சிரிக்கிறாக."

உண்மையைக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. "ஒங்க எடை எம்புட்டுக்கா?" என்றாள் இவாஞ்சலின்.

"அம்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில பாத்தாக."

"அப்ப நீங்களே மேடையில ஏறி நில்லுங்க."

முனீஸ்வரி இறங்கிப்போய்க் கேரவனுக்குப் பக்கத்தில், மேடைமேல் நின்றாள். மேடை ஓரத்துப் பலகையில் சிவப்பு எழுத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாக இருந்தது சரியாக இரண்டாயிரம் ஆனது. (அந்த மெஷின் பத்துப் பத்தாகத்தான் காட்டும்.) இறங்கினாள், குறைந்தது. மறுபடி ஏறினாள், கூடியது.

"ஏங்க, ஒங்க வண்டிப் புஸ்தகத்துல எம்புட்டுப் போட்டிருக்கு?"

"ஆயிரத்து அறுநூறு. அதெல்லாம் சும்மா போட்டு வப்பானுக."

முனீஸ்வரி கேரவனைப் பார்த்தாள். பிறகு இவாஞ்சலின் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு, மகளை இறக்கி, பையை எடுத்தாள். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நானும் பிள்ளையும் பஸ்ல வாறோம். ஏன் தனியா வந்தன்னு பவுனு கேட்டா இந்தச் சீட்டக் காட்டுறேன்."

5

ஈஸ்வரபாண்டி பதறியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கத்தில் சீரின் முதல் தட்டைத் தாய்மாமன் மனைவிதான் தூக்கிக்கொண்டு நுழைவாள். அவள் இல்லாமல் பீரோவும் உள்ளே போகாது, கேரவனும் போகாது. அவள் பஸ்ஸில் தனியாக வந்து கையில் எடைச்சீட்டோடு நின்றால் பவுனின் புருஷன் வீட்டார் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள். ஏற்றிய சீரில் ஒன்றை இறக்கிவிட்டுப் போனாலோ, இருபது வருடத்துக்கு.

முடிவு ஒன்று: அவர் பிடிவாதமாகக் கிளம்புகிறார். ஏழாவது வளைவில், ஏற்றத்தில், பின்சக்கரம் வழுக்கிக் கேரவன் பின்னோக்கி இழுக்க

இதை எழுதமாட்டேன். நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். இவ்வளவு இயற்பியலைப் பொறுமையாகக் கேட்டதற்கு ஒரு பள்ளத்தாக்காவது கிடைக்கும் என்று நினைத்தீர்கள்.

முடிவு இரண்டு: ஈஸ்வரபாண்டி தலைகுனிந்து, 'பாதுகாப்பே பெரிய சீர்' என்று

இதுவும் வேண்டாம். தன் முகத்தைப் பிளக்ஸில் போட்டவர் எவரும் ஒரே பத்தியில் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

6

ஆகவே நீங்கள்தான். உள்ளே இருப்பவை, கிலோவில்: பீரோ 90, கட்டில் 110, அரிசி மூட்டைகள் 125, ஃபிரிட்ஜ் 50, வாஷிங் மெஷின் 60, அண்டாக்கள் 60, குத்துவிளக்குகள் 30, கிரைண்டர் 25, தட்டுகளும் பலகாரமும் 100. குழாயைத் திறந்து காட்டுவதற்காக நிரப்பிய தண்ணீர்த் தொட்டி 150. அதைத் திறந்துவிடுங்கள், சீரில் யாரும் தண்ணீரை எண்ணமாட்டார்கள். இன்னும் 230 இறங்க வேண்டும். மிச்சத்தையும் முன்னால் தள்ள வேண்டும், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கு.

மனைவியையும் மகளையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டால் பாரம் குறையுமே என்று நினைப்பவர்கள் கவனிக்க: அது வண்டியில் குறையும், கேரவனில் குறையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது அப்படியே இருக்கும். அவர் மட்டும் தனியாக இருப்பார்.

மேகமலை பஸ் வந்து நின்றுவிட்டது. மகாலட்சுமி படியில் ஏறிவிட்டாள். முனீஸ்வரி கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள். ஈஸ்வரபாண்டி கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் கை வைத்திருக்கிறார். திறக்கவா, பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவா என்பதை நான் எழுதவில்லை.

"ஏறுறீகளா, இல்லையா?" என்கிறார் கண்டக்டர்.

பென்சில் உங்கள் கையில். எதை இறக்குகிறீர்கள்?