பானைக்குள் பீங்கான் கரண்டி

பானையின் அடியில் பீங்கான் கரண்டி டக் டக்கென்று புரண்டுகொண்டிருக்கிறது, கொதி எழும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் விழுகிறது, இதை உள்ளே போட்டுவிட்டால் அடிபிடிக்காது என்பாள் என் மனைவி தையல்நாயகி, என்கிறாள், கழுவின அரிசியில உப்பும் நாலு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பிசறி வைங்க, அப்பதான் உடைஞ்சு கரையும், பறக்காதீங்க, நான் பறக்கவில்லை, இன்று அவளுடைய கருமாதி, கூடத்தில் உறவெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது, நான் ஈப்போ வீட்டின் சமையலறையில் சீனக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், அரிசி, இஞ்சி, தண்ணீர், அந்த உப்பும் எண்ணெயும், வேறொன்றும் இல்லை.

துணியில் சுற்றி ஒரு சீனக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை அவள், தமிழ் வீட்டில் காது குத்தி, தேவாரம் படித்து வளர்ந்தவள், இந்தக் கஞ்சியைக்கூடக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு லியோங் அம்மாவிடம் கற்றாள், எனக்கு மஞ்சள்காமாலை கண்ட மழைக்காலத்தில், கற்ற அன்றே அதற்கு நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள், ஐயையோ இது எந்த ஊர்ச் சாப்பாடு என்று லியோங் அம்மா மலாயில் சிரிக்க, எங்க வீட்டு ஊர் என்று இவளும் சிரிக்கிறாள், ஆவியில் இருவர் கண்ணாடியும் மங்கிப்போகிறது, அந்த ஆவிதானா இது, என் கண்ணாடியில் படிவது.

அவளோடு வளர்ந்த அண்ணன் தணிகாசலம் காய்ச்சல் வந்தால் வேறெதையும் தொட மாட்டார், தங்கச்சி, ஒரு வாய் கஞ்சி அனுப்பும்மா, தூக்குச்சட்டியில் கொண்டு ஓடுவாள், அதே அண்ணன்தான் கோயில் பால்குடத்தன்று, பெரியவர்களை முதலில் விடுங்கள் என்று அவள் சொன்னதற்காக, நீ சீனத்தி, எங்க சாமி விஷயத்துல உனக்கென்ன தெரியும் என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னவர், வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவள் குடத்தை இறக்காமல் நடந்துகொண்டே இருக்கிறாள், பால் தளும்பி நெற்றியில் வழிகிறது, துடைக்கக் கை இல்லை.

இப்போது அவர் சமையலறைக்குள் வருகிறார், என்ன மாப்ள இது, இதையா படையல்ல வைக்கப் போறீங்க, இட்லி இருக்கு, வடை இருக்கு, சீனச் சாப்பாட்டை எல்லாம் வச்சா ஆளுங்க நாலு விதமா பேசுவாங்க, பேசிக்கொண்டே பழக்கத்தில் மூடியைத் திறந்து முகர்கிறார், தொண்டையைச் செருமுகிறார், ரெண்டு நாளா தொண்டை கட்டிக்கிச்சு, எனக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க.

செத்தவளுக்கு ஆகாதது உயிரோடிருக்கிறவர் தொண்டைக்கு ஆகும்.

மச்சான், அவ இலைக்கு வராத கஞ்சி உங்க வாய்க்கும் வராது என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கூடத்தில் பண்டாரம் விளக்கைத் தூண்டியபடி கேட்கிறார், அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சாச்சா, வச்சாச்சு என்று முந்திக்கொள்கிறார் மச்சான், இல்லை என்றேன், இட்லியை ஓரமாகத் தள்ளி நடு இலையில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தேன், பக்கத்தில் நார்த்தங்காய்த் துண்டு, யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள், பன்னி கின்னி போட்டிருக்குமா, போன வருஷம் என் வீட்டில் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தவள், பண்டாரம் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிடிச்சதுதானே, இருக்கட்டும் என்று சூடம் ஏற்றினார், மச்சான் கைகூப்பவில்லை, பால்குட வரிசையைப் போலவே கூடம் வாயடைத்துக் கிடந்தது.

திரும்பி வருகிறேன், அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறேன், கஞ்சி இறுகி, எது அரிசி எது தண்ணீர் என்று இனி யாராலும் பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது, கரண்டி அதற்குள் புதைந்து சத்தமில்லை, பின்னாலேயே மச்சான் வந்து நிற்கிறார், கையில் காலிக் கிண்ணம், அவள் இருந்திருந்தால் ஊற்றியிருப்பாள், நான் அவளில்லை, கரண்டியைத் தோண்டி எடுத்துப் பானையின் விளிம்பில் நானே தட்டுகிறேன், டக், டக், கூடம்வரை கேட்கட்டும்.