உள்ளேயிருந்து பேசுவது யார்?

அந்த வீட்டில் அவளைக் கேட்காமல் யாரும் ஒரு மின்விசிறிகூட வாங்கமாட்டார்கள். அவள் அதிகாரம் செய்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். குரலை உயர்த்திக்கூடப் பேசத் தெரியாதவள். ஆனால் அவளுடைய மனசு பேர்போன மனசு. ‘எனக்கென்னமோ மனசு சரியில்ல’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பேசி முடித்த விஷயமும் அப்படியே நின்றுவிடும்.

இந்தப் பேர் கிடைத்த கதை சின்னதுதான். பல வருஷங்களுக்கு முன்னால், கணவரின் தம்பி ஒரு கல்யாணத்துக்குப் போக வேன் பேசியிருந்தார். கிளம்பும் நேரத்தில் இவள், இந்த வேன் வேண்டாம், மனசு என்னமோ செய்கிறது என்றாள். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே ரயில் ஏறினார்கள். அந்த வேனோ வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை, ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கொழுந்தனுக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்றே அண்ணிக்கு ‘வானிலை அறிக்கை’ என்று பேர் வைத்தார். கிண்டலாகத்தான் வைத்தார். பிறகு வீடு வாங்கும்போது முதல் ஆளாக வந்து அறிக்கை கேட்டவரும் அவரே. வேன் சாய்ந்த அதே வாரத்தில் அவளுடைய மனசு காஸ் அடுப்பு வெடிக்கும் என்றது, பக்கத்து வீட்டு நாய் கடிக்கும் என்றது, கணவருக்குக் காய்ச்சல் வரும் என்றது. அடுப்பு ஒழுங்காக எரிந்தது, நாய் வாலை ஆட்டியது, கணவர் குத்துக்கல் மாதிரி இருந்தார். அதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளும்தான் சேர்க்கவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்துச் சொல்கிறவர், வீட்டு விஷயம் என்று வந்தால் மனைவி பார்த்துச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொள்வார். அவர்களுக்கு ஒரே மகள். மின்சாரப் படிப்பு முடித்தவள். காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு எழுதிப்போட்டு, தேர்வுக்குப் போய், தேறியும் விட்டாள். மேசை நாற்காலி வேலை இல்லை அது. பல மாடி உயரக் கோபுரத்துக்குள் ஏணி பிடித்து ஏறி, உச்சியிலிருக்கும் இயந்திர அறைக்குப் போய், இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு செய்கிற வேலை. கடலோரத்தில் இடம் போட்டிருந்தார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் பதில் எழுத வேண்டும்.

போன வாரமே மகள் வழக்கம்போல வந்து, உன் மனசு என்ன சொல்லுது என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லுது என்றாள் இவள். மகள் சண்டை போடவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போனது. எழுந்து போய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள். அம்மா மனசு சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு என்று கணவர் விஷயத்தை முடித்துவைத்தார். ஆனாலும் மகள் அந்த ‘வரவில்லை’ என்ற பதிலை இன்னும் அனுப்பவில்லை என்பது இவளுக்குத் தெரியும். வழக்கமாக ஒரு காரியத்தைத் தடுத்து நிறுத்தியதும் வருகிற நிம்மதி இந்த முறை வரவே இல்லை. சோறு இறங்கவில்லை. இவளுக்கே இவள் மேல் எரிச்சலாக இருந்தது.

இப்போது இவளுடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸுக்கு அழைக்கிறவர்களின் போனை எடுக்கிற வேலை. காதில் ஹெட்போன், எதிரே ஒரு திரை, பக்கத்து நாற்காலிகளிலும் அதே வேலை செய்கிறவர்கள். புதிதாகச் சேர்கிறவர்களை இவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள், ஏனென்றால் இவளுக்குக் காது கூர்மை. கத்துகிறவர் வீட்டில்தான் ஆபத்து அதிகம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இவள் அப்படி ஏமாறமாட்டாள். பயம் பேசினால் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். என்ன கேட்டாலும் அதையேதான் இன்னும் சத்தமாகச் சொல்லும். விஷயம் இருக்கிறவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அது நடுங்குகிற குரலாக இருந்தாலும்.

இன்று மதியம் ஒரு தாய் அழைத்தாள். குழந்தை போச்சு, சீக்கிரம் வாங்க என்று அலறினாள். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள் இவள். குழந்தை போச்சு என்றாள். மூச்சு இருக்கிறதா என்றாள் இவள். குழந்தை போச்சு என்றே பதில் வந்தது. அதற்குப் பின்னால் குழந்தை வீரிட்டு அழுவது இவளுக்கு நன்றாகக் கேட்டது. இத்தனை பலமாக அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது. இவள் வண்டியை அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டே, அந்தத் தாயின் பேரைக் கேட்டாள். பேசுவது யார், உங்கள் பேர் என்ன என்று பொறுமையாக மூன்று தரம் கேட்டாள். பேரைச் சொன்னதும்தான் அந்தப் பெண்ணுக்குத் தன் நினைவே வந்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான், நெற்றி புடைத்திருக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ஹெட்போனைக் கழற்றிவைத்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பார்த்தால், ஒரு வாரமாகத் தன் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். வேறு ஒரு வார்த்தை அதற்குத் தெரியவில்லை.

டீ குடிக்கும் அறைக்குப் போனாள். நல்லவேளையாக யாரும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர்பேர் தெரியாதவர்களைக் கேட்பதுபோலத் தன்னையே கேட்க ஆரம்பித்தாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் கேட்டாள். என்ன நடந்தது? வேண்டாம். எங்கே நடந்தது? மேலே, வேண்டாம். கயிறு அறுந்ததா, ஏணி வழுக்கியதா? வேண்டாம். மகளுக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா? வேண்டாம். சரி, பேசுவது யார்? 

அந்தக் கேள்விக்கு மட்டும் அது வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்த பதிலில் கோபுரமும் இல்லை, கயிறும் இல்லை. மகள் இல்லாத வீட்டில் மாலை நேரம் மட்டும் இருந்தது. எதிரே கணவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருக்கிறார். இனி யார் வந்து உன்னைக் கேட்கப்போகிறார்கள் என்றது அந்தக் குரல். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷமாக ஊர் மெச்சிய மனசு இதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததா? வெட்கப்பட்டாள், கொஞ்சம் சிரித்தும் விட்டாள்.

அந்தக் குரல் அடங்கிய பிறகுதான் அதற்கும் அடியிலிருந்து இன்னொரு குரல் பேசியது. அது கத்தவில்லை. போன மாதம் கடைப் பெயர்ப்பலகை சாய்ந்துவிட்டது, நினைவிருக்கிறதா என்றது. மகள்தான் ஏணி வைத்து ஏறினாள். இரண்டு படி ஏறியவள் சட்டென்று இறங்கிவிட்டாள். ஏணி நன்றாகத்தான் நிற்கிறது, ஏறு என்று அப்பா சொன்னார். அவள் கேட்கவில்லை. காலடியில் குனிந்து பார்த்து, ஒரு கல்லை அண்டக்கொடுத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினாள். மகள் விழவே மாட்டாள் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. அவள் பார்த்து ஏறுகிறவள் என்றது, அவ்வளவுதான். இவளுக்கு அதுவே பெரிய சேதியாக இருந்தது.

வேலை முடிந்ததும் பறந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவரும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தார். மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வேண்டாம் என்று சொன்னது பயம், அது உன் விஷயம் இல்லை, என் விஷயம், நீ போகலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மகள் துள்ளிக் குதித்துக் கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தாள்.

மகள் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

“நிஜமாவே உன் மனசு போன்னு சொல்லுதாம்மா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். போன வாரம் கேட்ட அதே கேள்வி. வேண்டாம் என்றால் இருந்துவிடுவாள், போ என்றால் போய்விடுவாள். யார் யாரையோ போனில் பேசவைத்தவள், பெற்ற மகளுக்குச் சேர்த்துத் தானே இத்தனை நாள் பேசியிருக்கிறாள்.  நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என் மனச விடு. உனக்கு என்ன தோணுது?”

“தெரியலம்மா. நான் கேட்டுப் பாத்ததே இல்ல.”

அதான் அம்மா போகச் சொல்லிவிட்டாளே, அப்புறம் என்ன என்று கணவர் ஏதோ ஆரம்பித்தார். மனைவி பார்த்த பார்வையில் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் மகள். எதற்குப் பயம் என்றால், எல்லாவற்றுக்கும் என்றாள். இவள் விடவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. உயரமா? உயரம் இல்லையாம். தேர்வன்று கோபுரம் ஏறிக் காட்டுகையில், உச்சிக்குப் போய்க் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டியபோது சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்ததாம். இதைச் சொல்லும்போதே அவள் கண் பளபளத்தது. அப்படியானால் வேறு என்ன என்று கேட்டுவிட்டு இவள் காத்திருந்தாள்.

“அங்க ஒரு விதி இருக்கும்மா. எதாவது சரியில்லன்னு தோணினா யாரையும் கேக்க வேண்டாம், நீயே வேலைய நிறுத்திட்டு இறங்கிடலாம். எனக்கு அப்படித் தோணுமா? நம்ம வீட்ல எப்பவும் உனக்குத்தானே தோணும்.”

இந்த வார்த்தை அவளைச் சுட்டது. சுடட்டும் என்று விட்டாள். பிறகு, கடைப் பலகையைச் சரிசெய்ய ஏறிய அன்று ஏன் பாதியில் இறங்கினாய் என்று கேட்டாள்.

“ஏணி ஆடுச்சு.”

“ஆடலன்னுதானே அப்பா சொன்னார்?”

“அவர் சொன்னார். ஆனா ஆடுச்சும்மா.”

“அப்ப அத உனக்கு யார் சொன்னா?”

 மகள், ஏணியைப் பிடித்திருந்த தன் இரண்டு கையையும் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவர் அசடு வழிய, லேசா ஆடுச்சுதான் என்று முனகினார். கொஞ்ச நேரம் கழித்து மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து, போவாளா மாட்டாளா, உன் மனசுக்கு என்ன படுகிறது என்று காதோடு காதாகக் கேட்டார். தெரியாது என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. போய் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது.

“எழுதிட்டேன். வர்றேன்னு. ஆனா கடலோரத்துக்கு இல்ல, மலைமேல இருக்கற காத்தாலைக்கு மாத்திக் கேட்டிருக்கேன்.”

மலை இன்னும் தூரம், ஒரு நாள் பயணம். நாக்கு நுனி வரை வந்ததை அவள் அடக்கிக்கொண்டு, ஏன் என்று மட்டும் கேட்டாள்.

“கடலோரக் குழுவோட சூப்பர்வைசரைத் தேர்வன்னிக்குப் பாத்தேன். ஒரு பையன் இடுப்புக் கயித்துக் கொக்கியச் சரியா மாட்டாம ஏறினான். அத இவர் பாத்துட்டு சிரிச்சார், நிறுத்தல. அன்னிலேருந்தே எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு, என்னன்னுதான் தெரியல. அவர் கீழ நான் ஏற மாட்டேன். அத அப்படியே எழுதியும் போட்டுட்டேன்.”

அம்மா ஒரு வாரமாகப் பயந்த பயத்தில் கொக்கி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை.

“மலைல எடம் இல்லன்னுட்டா?”

“அடுத்த முறை ஆள் எடுக்கற வரைக்கும் காத்திருப்பேன்.”

“இப்படி எழுதினதுக்காக வேலையே இல்லன்னுட்டா?”

“வேற பாப்பேன். இதே வேலைதான், வேற எடத்துல.”

“நீ பாத்தது தப்பா இருந்தா?”

மகள் யோசித்தாள். “இருக்கலாம். அப்படின்னா நான் தப்பு பண்ணினதா இருக்கட்டும்மா.”

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ஒன்றையும் இரண்டு தரம் சொல்லவில்லை. தன் வாக்கு பலித்தபோதெல்லாம் வராத பெருமை அவளுக்கு இப்போது வந்தது. கணவர் பக்கத்தில் வந்து, மலை ரொம்பத் தூரமாச்சே, உனக்கு இது சரின்னு படுதா என்று கவலையோடு கேட்டார்.

“எனக்கு வயித்தக் கலக்குது” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவளுக்குச் சரின்னு பட்டிருக்குங்க.”