மூணே உருண்டை

என் அக்கா கெம்பம்மாவை வெறும் அக்கா என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது.

அவள் புருஷன், என் பாவா போரேகௌடர், எங்கள் மண்டியா பக்கத்துக் களி தின்னும் போட்டியில் ஐந்து தடவை ஜெயித்தவர். களியைக் கடித்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சாற்றில் புரட்டி அப்படியே வழுக்கி உள்ளே விட வேண்டும். வீட்டில் அவருக்குத் தினமும் சாயங்காலம் தேங்காய் அளவில் மூன்று உருண்டை. பெண்டாட்டி செத்த பிறகு எனக்கும் அங்கேதான் சாப்பாடு, எனக்கும் மூன்று.

போன வருஷம் பாவாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. சக்கரை ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, அது இறங்காமல் ஆபரேஷன் இல்லை, சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார் டாக்டர். கரும்புத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்தவர் கக்கூசுக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனார். வீம்பு மட்டும் போகவில்லை.

“கண்ணு போனா போகட்டும். மூணு உருண்டைல ஒண்ணு குறைஞ்சாலும் நான் போரேகௌடன் இல்ல.”

“சரிங்க, மூணே போடறேன்,” என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புருஷன் குருடாகப் போறான், நீ களி கிண்டிட்டு இருக்கியாக்கா?”

“தட்டப் பாத்துத் தின்னுடா ஜவரா.”

தின்றேன். கீரைச் சாறும் அவரைக்கொட்டைச் சாறும் கிண்ணம் நிறைய வந்தன. முதல் உருண்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவள் ஊர்வம்பு ஒன்றை எடுத்துவிடுவாள். அது முடிந்தால்தான் அடுத்தது தட்டில் விழும்.

பத்து மாசம் போனது. ஒரு நாள் குளிக்கும்போது என் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் தொடைக்கு இறங்கியது. எனக்கு உயிரே இல்லை. ஏதோ உருக்குகிற வியாதி வந்துவிட்டது என்று அக்காவிடம் ஓடினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “உன் வெல்ல ஆலைத் தராசக் கொண்டாடா.”

கொண்டுவந்தேன். பலகையில் களியைப் போட்டு, கையை நனைத்து, மூன்று உருட்டினாள். முதலில் ஒன்றை நிறுத்தேன். தேங்காய் எடையில் பாதிகூட இல்லை. அதை ஒரு தட்டிலும் இன்னொன்றை எதிர்த் தட்டிலும் வைத்தேன். முள் அசையவில்லை. மூன்றாவதை மாற்றி வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

“நாளுக்கு ஒரு புளியங்கொட்டை அளவு குறைச்சேன். அவருக்கு எண்ணிக்கைதானே வேணும்?”

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அவருக்காவது கண் தெரியவில்லை. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்து, தினம் எதிரே உட்கார்ந்து தின்றும் தெரியவில்லையே. நான் வெல்லம் நிறுத்து விற்கிறவன் வேறு.

அந்த மாசமே டாக்டர் சக்கரை இறங்கிவிட்டது என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அப்போதுதான் அக்காவின் முகம் செத்தது. “கண்ணு வந்தா உருண்டையப் பாத்துடுவாரே. பழையபடி கேட்டா நான் என்னடா செய்வேன்?”

முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்று சாயங்காலம் தட்டு வந்தது. அன்றைக்கு அவள் மூன்றையும் ஒன்றாகவே வைத்துவிட்டாள். பாவா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கெம்பி, இதென்ன எலுமிச்சம்பழமா?”

“மூணு இருக்கான்னு எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். என் தட்டைப் பார்த்தார். “உனக்கும் இதானாடா?”

“இதேதான் பாவா. எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

கையை எடுத்துத் தன் வயிற்றைத் தடவினார். பிறகு நிமிர்ந்து, ஒரு வருஷத்துக்கு அப்புறம், அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“உக்காரு,” என்றார். அக்காவின் காலித் தட்டை இழுத்து, தன்னுடைய மூன்றாவது உருண்டையை எடுத்து அதில் வைத்தார்.

“எனக்கு ரெண்டு போதும்.”