இடது காதில் இருந்தவள்

தீயணைப்பு நிலையத்தில் அவசர அழைப்புகளை எடுப்பவளின் இடது காதிலிருந்து மூன்று ஆண்டுகளாக, இறந்துபோன இன்னொரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற எவருக்கும் அது கேட்டது. "இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?" அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதல்.

இடிந்து விழுந்த நான்கு மாடிக் கட்டடத்தின் அடியிலிருந்து கைப்பேசியில் அழைத்தவள் அவள். பத்தொன்பது நிமிடம் பேசினாள். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அழைப்பை எடுத்தவளுக்கோ கடைசிக் கேள்வி மட்டுமே நினைவில் நின்றது. பதில் சொல்லாமல் வாயடைத்து உட்கார்ந்துவிட்டதாகவே நம்பினாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். லாரி கடந்து சுவர் அதிர்ந்தால் மேசைக்கு அடியில் ஒடுங்கினாள். தூக்கம் என்பது அரைமணி, முக்கால்மணி. மாடியுள்ள வீடு ஆகாது என்று அவளும் கணவரும் மூன்று வீடு மாறினார்கள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். குரல் பஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தார் முதலில் பயந்தார்கள். பிறகு அவளைக் கண்டால், "வாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று கதவைத் திறந்தார்கள்.

தையல்காரரான கணவர்தான் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் குரலைக் கேட்டார், ஆச்சரியப்படவில்லை. "அன்னிக்குக் காலையில வேலைக்கு வந்ததுலேர்ந்து சொல்லுங்க. அவசரமே இல்ல," என்றார். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தது வரைதான் சொல்ல முடிந்தது. ஐந்தாம் வாரம் தொலைபேசி மணி அடித்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள். மறுவாரமும் போனாள். அவள் ஒரு நிமிடத்தைச் சொல்லி முடித்தால் காதும் ஒரு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதினோராம் நிமிடத்தில் இறந்தவள் சிரித்தாள். "என் மேல கெடக்கறது மேல்வீட்டுக்காரங்க பீரோங்க. ரொம்ப நாளாவே இது மேல எனக்கு ஒரு கண்ணு." கடைசி நிமிடத்தில், அந்தக் கேள்விக்குப் பின்னால், அதுவரை அந்தக் காதிலிருந்து யாரும் கேட்டிராத குரல் ஒன்று வந்தது. அழைப்பை எடுத்தவளின் சொந்தக் குரலேதான். "இருக்கேன்மா. எங்கயும் போகல." இறந்தவள் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக, பன்னிரண்டு தடவை.

விஷயம் பரவி, இறந்தவளின் அண்ணன் வந்து வாசலில் நின்றார். எந்த முகத்தை என்றாவது பார்க்க நேருமோ என்று மூன்று ஆண்டுகளாகப் பயந்தாளோ, அந்த முகம். அவள் நாற்காலியைப் போட்டு இடது காதைத் திருப்பினாள். பத்தொன்பது நிமிடமும் கேட்டார். பீரோ வந்த இடத்தில் சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தனியாப் போயிட்டாளேன்னுதான் வீட்ல இத்தனை நாளா..." என்றார். பிறகு அவரே சொன்னார்: "தனியாப் போகலைங்க."

அவள் வேலைக்குத் திரும்பினாள். அழைப்புகளை வலது காதில் எடுக்கிறாள். லாரி போனால் இன்னும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள், அடியில் போவதில்லை. அண்ணன் மாதம் ஒருமுறை வருகிறார். போனமுறை தன் அம்மாவையும் கூட்டி வந்தார். அம்மாவுக்குச் செவி மந்தம். அதனால் அவளைத் தன் மடியில் படுக்கவைத்து, குனிந்து கேட்டார். பாதிக்கு மேல் போவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மகள் பேசி முடித்த பிறகும் வெகுநேரம் அம்மா அசையவில்லை. கால் மரத்துப்போனது. அவளை எழுப்ப வந்த அவள் கணவரைக் கையசைத்துப் போகச் சொன்னார்.