கொளுத்தாத சோகை

மாசிப் பனி இறங்கிவிட்டால் கரிக்கலாம்பாக்கத்துக் கரும்புக்கொல்லை வேறு எதுவோ ஆகிவிடும். கரும்பின் நீள இலையான சோகை உரசும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால், பூரணாங்குப்பத்துக் கடல் வரப்புவரை வந்துவிட்டதாகவே கொல்லைக்காரன் தணிகைவேலுக்குத் தோன்றும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எங்கோ ஒரு காட்டுப்பூனை குட்டி போட்டிருந்தது. வரப்பு ஈரத்தில் அதன் கால்தடத்தை ஒரு வாரமாகப் பார்த்துவருகிறான். யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷமும் போட்டிருந்தது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும் காய்ந்த சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டினார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று ஊரில் எல்லாரும் செய்வதுதான். சாம்பலில் மூன்று குட்டிகள் கிடந்தன. மறுநாள் விடியலில் தாய்ப்பூனை வந்து கரியை முகர்ந்து முகர்ந்து தேடியது. ஆண்பிள்ளை என்றும் பாராமல் தணிகைவேல் வரப்பில் உட்கார்ந்து அழுதான். அதற்கப்புறம் அது அவன் தூக்கத்துக்குள் வந்து தேட ஆரம்பித்தது.

இந்த வருஷமும் உத்தரவு வந்தாயிற்று. வெட்டு மேஸ்திரி ராசு ஆட்களோடு வந்து தீப்பெட்டியை எடுத்தான்.

“வாணாம்பா. உள்ள பூனை குட்டி போட்டிருக்குது,” என்றான் தணிகைவேல்.

“இன்னாபா நீ! பூனையப் பாத்தா லோடு போவுமா? கையால உரிச்சா ரெண்டு நாள் வேலை நாலு நாள் ஆவும். எங்க பொழப்ப யாரு பாக்கறது?”

நியாயமான கேள்விதான். தணிகைவேலுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்குமே தவிர வார்த்தை வராது. பேசியது அவன் மனைவி வினோதினி. ஐப்பசியில் அவள் வீட்டுப் பின்புறம் காளான் கொட்டகை போட்டாள். வைக்கோலுக்குப் பதில் சோகையை நறுக்கி ஊறவைத்துப் பையில் அடைத்தாள். காளான் மளமளவென்று வந்தது. இப்போது தெருவில் பாதி வீட்டில் அந்தப் பைகள் தொங்குகின்றன. மூலக்குளத்துக் கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

“தாராளமா கொளுத்துண்ணா,” என்றாள் அவள். “காளான் பைக்குச் சோகை எங்கன்னு உன் பொண்டாட்டி காசம்மாள் கேட்டா, நீயே பதில் சொல்லிக்க. உரிச்சா பாதி சோகை உங்க ஆளுங்க வூட்டுக்குத்தான்.”

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் பைகள் தொங்கின. ராசு முணுமுணுத்துக்கொண்டே தீப்பெட்டியை மடியில் செருகினான். பூனைக்காக யாரும் மனம் மாறவில்லை என்பது தணிகைவேலுக்குத் தெரியும். மாறினார்களே, அது போதும் அவனுக்கு.

நான்கு நாள் ஓரத்திலிருந்து உரித்து உரித்து வெட்டி, நடுவில் ஒரு அறை அளவுக்குக் கரும்பை விட்டுவைத்தார்கள். ஐந்தாம் நாள் விடியலில், பனிக்குள் தணிகைவேல் மூச்சுக்கூட விடாமல் நின்றான். தாய்ப்பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வரப்பைத் தாண்டி வாய்க்கால் கோரைக்குள் போனது. திரும்பி வந்தது. இப்படியே நான்கு நடை, நான்கு குட்டி.

ஐந்தாவது தடவையும் வந்தது. காலியான இடத்தை முகர்ந்து முகர்ந்து தேடியது. அதே தேடல். அவன் மெல்லக் குனிந்தான்.

“ஒண்ணும் வுட்டுப்போவல தாயி. எல்லாம் உன்கிட்டதான் இருக்குது. போ.”

பூனை தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தது. பிறகு வெறும் வாயோடு, அவசரமே இல்லாமல், குட்டிகளிடம் போனது.