இடது ஷூ

காலை எட்டரைக்குப் பட்டறையின் பூட்டைத் திறக்கும்போது கால்காரம்மா ஆண்டவரிடம் ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் வைப்பாள்: இன்றைக்கு யாரும் வர வேண்டாம். இருபத்தொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாவியைத் திருப்புகிற நேரத்துக்குள் ஜெபத்தை முடித்து ஆமென் போட்டுவிடுவாள். திரும்பிப் பார்த்தால் வாசல் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்துச் சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருக்கும். இந்த விஷயத்தில் ஆண்டவர் மேல் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வந்தவர்களிடம் அதைக் காட்டுவதில்லை.

பட்டறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கு அடுத்து இருந்தது. கதவில் அவளுடைய பதவி நீளமாக எழுதியிருந்தாலும் அதை முழுசாக வாசித்தவர் எவரும் இல்லை. செயற்கைக் கால் செய்து கொடுப்பதால் கால்காரம்மா, அவ்வளவுதான். பேரைக் கேட்டுவிட்டு வரும் புது ஆட்கள் முதலில் அவள் காலைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். உள்ளே எங்கே கை வைத்தாலும் அச்சு எடுக்கிற மாவுத்தூள் ஒட்டும். ஒரு மூலையில் பிளாஸ்டிக் தகட்டை இளக வைக்கும் அடுப்பு, எதிர்ச் சுவரில் ரப்பர் பாதங்கள் ஜோடி இல்லாமல் அடுக்கிய அலமாரி, நடுவில் நடை பழகுவதற்கான இரட்டைக் கம்பி, அதன் கடைசியில் ஆளுயரக் கண்ணாடி.

அன்றைக்குப் பெஞ்சுக்குப் பக்கத்தில் காத்திருந்தவர் ஒரு போதகர். சக்கர நாற்காலியில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். இடது பேன்ட் கால் முழங்காலுக்குக் கீழே மடித்துப் பின் குத்தப்பட்டிருந்தது. சர்க்கரை வியாதியில் விரலில் வந்த புண் கணுக்காலுக்கு ஏறி, ஐந்து மாதத்துக்கு முன் காலை எடுத்தாயிற்று. கூட வந்திருந்த மனைவி டாக்டரின் சீட்டை நீட்டினாள். போதகர் அந்தச் சீட்டை யாரோ தன்னைப் பற்றி எழுதிய மொட்டைக் கடிதம் மாதிரி பார்த்தார்.

கால்காரம்மா அவரை மேஜையில் படுக்க வைத்து, முழங்காலை நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. கோணமானியை வைத்தாள், பதினெட்டு டிகிரி மடக்கம். ஐந்து மாதமும் நாற்காலியிலேயே உட்கார்ந்து மூட்டு மடங்கியபடி இறுகத் தொடங்கியிருந்தது. அவள் எதையும் மூடி மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. இன்னும் ஒன்றரை மாதம் இப்படியே விட்டால் இந்த மூட்டு நீளாது, அதற்கப்புறம் எந்தக் காலைச் செய்து மாட்டினாலும் நடக்க முடியாது, ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று சொல்லிவிட்டாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் கூரையைப் பார்த்தபடி, தனக்குக் கால் வேண்டாம் என்றார்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முப்பது வருடமாக அவர் சபையில் பிரசங்கித்தது ஒன்றே ஒன்று: தேவன் சர்வ வல்லவர், அவருக்கு எல்லை கிடையாது. உட்கார்ந்த இடத்தில் பேசுகிறவரும் இல்லை. மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து பேசுவார், அங்கே விரித்த கம்பளம் நடுவில் நைந்து போயிருந்தது. கால் போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியிலிருந்தபடியே சபைக்கு முன்னால் அறிவித்துவிட்டார்: மண்ணிலிருந்து மனுஷனை உண்டாக்கியவருக்கு ஒரு காலை வளர வைப்பது பெரிய காரியமில்லை, இந்தக் கால் வளரும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சபையார் உபவாசம் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட ஞாயிறு அன்று ஓடி வந்து பேன்ட் மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். அதைச் சொல்லும்போது மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"நான் போய் பிளாஸ்டிக் கால மாட்டிக்கிட்டு மேடையில ஏறினா என்ன அர்த்தம், சிஸ்டர்?" என்றார் போதகர். "அவரால முடியலன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"கண்ணாடி போட்டுத்தானே வேதம் வாசிக்கிறீங்க" என்றாள் மனைவி மெதுவாக.

அது முதல் தடவையாகச் சொல்லப்பட்டது இல்லை என்பது அவர் பதிலின் வேகத்திலேயே தெரிந்தது. பார்வை மங்குவது வேறு, சபைக்கு முன்னால் விசுவாசத்தோடு அறிக்கையிட்டது வேறு என்று ஆரம்பித்து மூன்று காரணங்கள் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பேச்சில் அவரை மடக்கப் பார்ப்பது வீண் என்று கால்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க விசுவாசியா?" என்று கேட்டார் அவர்.

அவள் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். யாருக்கும் கால் போகாமல், இங்கே யாரும் வராமல் இருக்க வேண்டும் என்று காலையில் பூட்டைத் திறக்கும்போது கேட்கும் ஜெபத்தைச் சொன்னாள். மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரால முடியும்னு நம்புறதாலதான் கேக்குறேன், ஐயா. இல்லன்னா பூட்டுகிட்டயா கேப்பேன்? இருபத்தொரு வருஷத்துல யாரும் வராத நாள்னு ஒண்ணு இல்ல. அதுக்காக அவரால முடியாதுன்னு நான் முடிவு கட்டல. நாளைக்கும் கேப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா வந்தவங்களத் திருப்பி அனுப்பினதில்ல."

போதகர் மேஜையின் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு, அச்சு எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். வாக்குவாதத்தில் தோற்ற முகம் இல்லை அது. பதில் சொல்லாமல் ஒத்திவைத்தவரின் முகம். அதுவே போதும் என்று அவள் உடனே ஈரத் துணிப்பட்டைகளை எடுத்து, மாவைக் குழைத்து, வெட்டுப்பட்ட காலைச் சுற்ற ஆரம்பித்தாள். மனசு மாறுவதற்குள் மாவு இறுகிவிட வேண்டுமே என்ற அவசரமும் இருந்தது. முழங்காலை நீட்டும் பயிற்சிகளைக் காட்டி, ஒரு வேளை தவறினாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டி வைத்தாள்.

போகிற நேரத்தில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது அவர் அதிகமாகப் போடும் ஷூவைக் கொண்டுவர வேண்டும், குதியின் உயரத்துக்குத் தகுந்த மாதிரிதான் பாதத்தைப் பொருத்த முடியும். வலது ஒன்றே போதும் என்றாள். ஏனென்றால் மற்றது யாரிடமும் இருப்பதில்லை. காலை எடுத்த வாரமே வீட்டில் யாராவது அதைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிடுவார்கள். மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் இருக்கு" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு துணிப்பையில் இரண்டும் வந்தன. வலது ஷூ சாதாரணமாக, கொஞ்சம் புழுதியோடு இருந்தது. இடது ஷூவில் முகம் பார்க்கலாம். வடிவம் கெடாமலிருக்க உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நாடாவைச் சீராகக் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அவரே மடியில் வைத்துப் பாலிஷ் போடுகிறாராம், வேறு யாரையும் தொட விடுவதில்லையாம். கால்காரம்மா கை நீட்டினாள்.

"பாத்துக்குங்க. ஆனா அது வரப்போற காலுக்கு" என்றார் அவர். "நீங்க செய்ற காலுக்கு இல்ல."

"சரி ஐயா. பாத்துட்டுத் தந்துடுறேன்" என்று வாங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கண்டதெல்லாம் மிச்சமிருக்கிற காலின் ஷூதான். அதை வைத்துக்கொண்டு, போன கால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துப் பொருத்துவாள். யாருடைய போன காலும் தான் எப்படி நடந்தது என்று அவளிடம் வந்து சொன்னதில்லை. இந்த ஷூ சொன்னது. வலதில் குதி சமமாகத் தேய்ந்திருந்தது. இடதில் வெளி ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்து, பெருவிரல் பக்கம் பாதம் வெளியே திரும்பி ஊன்றிய தடம் இருந்தது. வலதை மட்டும் பார்த்திருந்தால் பாதத்தை நேராகத்தான் வைத்திருப்பாள், அவரும் கடைசி வரைக்கும் அந்நியன் காலில் நடக்கிற மாதிரி நடந்திருப்பார். பேப்பரை எடுத்து அடிப்பாகத்தின் பிரதியை வரைந்தாள். சரிவை அளந்து எழுதினாள். ஷூவைத் துடைத்து, பையிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாப்பிடப் போகவும் மறந்துபோனாள்.

கால் தயாரான அன்று கோணமானி ஐந்துக்கு இறங்கியிருந்தது. அவர் பயிற்சியை ஒரு வேளையும் தவறவிடவில்லை என்று மனைவி சாட்சி சொன்னாள். வரப்போகிற காலுக்கும் முழங்கால் நீள வேண்டுமல்லவா என்று அவர் விளக்கம் கொடுத்தார். கால்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உறையை மாட்டினாள். மெத்தென்ற உள்ளுறை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, அதற்குக் கீழே குழாய், குழாயின் நுனியில் ரப்பர் பாதம். அவரை இரட்டைக் கம்பிக்கு நடுவில் நிறுத்தினாள். வலது காலில் ஷூ, இடதில் வெறும் பாதம். எழுந்து நின்றதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"குதி உயரத்துக்குன்னு செஞ்ச கால் இது. ஷூ இல்லாம நிக்காது" என்றாள் அவள். அலமாரிக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் பழைய ஷூக்கள் இருந்தன. ஏறக்குறைய அதே உயரத்தில் ஒன்று கிடைக்கும், அதை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். கேட்டாளே தவிர அவளுக்கு அதில் மனசில்லை. வேறு ஷூவில் அந்தச் சரிவு இருக்காது. ஆனால் வற்புறுத்தவில்லை. அவருடைய ஷூ, அவருடைய விசுவாசம், தான் யார் கை வைக்க என்று நினைத்தாள்.

போதகர் பெஞ்சின் மேலிருந்த துணிப்பையைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்தார், ஒரு பக்கம் ஷூவும் ஒரு பக்கம் ரப்பருமாக. உதடு அசைந்தது. ஜெபமா, சண்டையா, தெரியவில்லை. கடைசியில் மனைவியிடம் திரும்பினார்.

"அந்தக் காகிதத்த வெளிய எடு" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். இறுகக் கட்டிய முடிச்சு அவிழ நேரமானது. கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஷூவை அந்த ரப்பர் பாதத்தில் ஏற்றி, பச்சைப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி நாடாவை மெதுவாகக் கட்டினாள். கணவரின் முகத்தை ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விழுவதைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்றாள்.

அவர் நேராக நின்றார். பின்னால் சாயவில்லை. வலதை எடுத்து வைத்தார், பிறகு இடதை. கம்பியை விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு எட்டு. ஐந்தாவதில் நின்று குனிந்து பார்த்தார்.

"பாதம் வெளிய திரும்பியிருக்கே."

"உங்க கால் அப்படித்தானே இருந்துச்சு?"

அவர் திகைத்தார். பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் கால் அப்படி ஆனது, அது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாதே என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் ஷூவைக் காட்டினாள். இங்கே வருகிறவர்களில் போன காலின் ஷூவை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்றாள். கால் வளரும் என்று நம்பி அவர் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் இந்தக் காலை அவளால் இப்படிச் செய்திருக்க முடியாது.

அவர் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தாலும் குரலில் மேடைக் கம்பீரம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"இப்பவும் சொல்றேன், சிஸ்டர். அவரால முடியும். கால் வளரும்."

"வளரட்டும் ஐயா. ஷூ அளவு ஒண்ணுதானே" என்றாள் கால்காரம்மா. "அன்னைக்கு இந்தக் கால என்கிட்டயே கொண்டு வந்து குடுங்க. நான் பட்டறையப் பூட்டிட்டு உங்க சபையில வந்து சாட்சி சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டார். கால் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை மனைவி கேட்டிருக்க மாட்டாள் போல. சுவரைப் பார்த்திருந்த அவள் முதுகு ஒரு தடவை குலுங்கியது. அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். கண்ணாடி வரை போய், திரும்பி, இந்தக் கோடிக்கு வந்து, மறுபடி அந்தக் கோடிக்கு. வலது குதி தரையில் பட்டென்று விழுந்தது. இடதில் முதலில் வெளி ஓரம் உரசி, அப்புறம் ஊன்றியது. பட், சரக். பட், சரக்.

பெஞ்சில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். முப்பது வருடமாக வீட்டு வாசல்படி ஏறி வந்த சத்தம் அது. அதைக் கேட்டுத்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய்க் கதவைத் திறப்பாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மடியில் கிடந்த செய்தித்தாள்களை விரல்கள் தாமாகவே நீவிக்கொண்டிருந்தன. பக்கத்தில் குப்பைக்கூடை இருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். பிறகு தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நாலாக மடித்து, துணிப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.